கட்டுமானத் துறையில் வெளியூர்த் தொழிலாளர்கள் – ஒரு பார்வை



விடியற்காலையில் போடியில் நின்று பார்த்தால் தெரியும். தூக்குச்சட்டியோடு நம்ம ஊர் அம்மாக்கள் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். மலையில் உள்ள ஆள் பற்றாக்குறையைத் தீர்ப்பது நாம். அதே சமயம் நம்ம பக்கத்து சைட்டுகளில் கம்பி கட்ட, சென்ட்ரிங் அடிக்க ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆக, நாம் ஆள் அனுப்பும் ஊர். ஆள் வாங்கும் ஊரும்கூட!

ஆள் குறைந்தால் வெளியிலிருந்து கொண்டு வந்தால் போதுமா? சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே கட்டுமான வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமானோர் போகிறார்கள். ஆனால் வெளிநாட்டு ஆள் ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசுக்கு மாதத் தீர்வை கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் திறன் உயர்ந்தவருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவருக்கு 900 வெள்ளி. ஏன் இந்த வித்தியாசம்? ஆள் மலிவாகக் கிடைத்தால் முதலாளி பயிற்சியும் தர மாட்டார், இயந்திரமும் வாங்க மாட்டார். தீர்வை அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

நம் நாட்டில் 1979-இல் மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அது பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்தது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இருக்கட்டும், சைட்டில் நடப்பதைச் சொல்கிறேன். பயிற்சிக்குப் போன இடத்தில் சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நின்ற வடமாநிலத் தம்பியிடம் "விலகு, விலகு"ன்னு கத்தினோம். அவனுக்குப் புரியவில்லை. இன்னொருவர் "ஹட்டோ"ன்னு சொன்னதும் நகர்ந்தான். அடுத்த நொடி பலகை அவன் நின்ற இடத்தில் விழுந்தது. ஒரு வார்த்தைதான் ஓர் உயிரைக் காப்பாற்றியது!

நாளை சூப்பர்வைசராகப் போகும் நாம் செய்ய வேண்டியவை:

1. வந்த அன்றே பெயர், ஊர், வீட்டாரின் போன் நம்பரைப் பதிவேட்டில் எழுதுங்கள்.
2. 'நில்', 'விலகு', 'ஆபத்து' – இவற்றை அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள்.
3. ஹெல்மெட் இல்லாமல் சாரத்தில் ஏற்றாதீர்கள்.
4. கூலி மேஸ்திரியிடம் நிற்காமல் அவர்கள் கைக்கே போகிறதா என்று பாருங்கள்.

மலையேறும் நம்ம அம்மாவை அங்கே எப்படி நடத்த வேண்டும் என்று நினைக்கிறோமோ, அப்படியே இங்கே வந்தவரை நடத்துவோம். சிந்திப்போம், செயல்படுவோம்!