பேசாமல் ஆட்டோவில் போங்கள்

திருவண்ணாமலை செங்கம் சாலைப் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஸ்பானிஷ்காரர்களுக்குப் பேச்சுத்தமிழ் சொல்லித்தருகிறேன். வேற்றுமை உருபில்கூட வராத தகராறு மரபுத்தொடரில் வருகிறது. சூடுபட்டுக் கற்றவற்றைக் கீழே தருகிறேன். இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்கு உதவும்.

செய்ய வேண்டியவை

• வினைச்சொல்லைக் கவனியுங்கள். நம் பேச்சு நெல் மாதிரி. வார்த்தையைக் கொட்டுகிறோம், கொட்டினால் அள்ள முடியாது என்று பயப்படுகிறோம். அளந்து பேசு என்பது புத்திமதி. ஆனால் ‘அளக்கிறான்’ என்றாலோ புளுகு! (இதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.) ஸ்பானிஷில் ஓயாமல் பேசுகிறவன் முழங்கைகளால் பேசுகிறான். பட்டென்று உண்மையைச் சொல்பவனுக்கு நாக்கில் முடி இல்லை. நமக்கு அவன் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

• ஒத்துப்போவதில் ஆரம்பியுங்கள். மூடிய வாயில் ஈ நுழையாது என்பது அவர்கள் பழமொழி. தவளை தன் வாயால் கெடும் என்றதும் சிரித்துவிடுவார்கள். புரியாத பேச்சு ‘சீனம் மாதிரி கேட்கிறது’ அவர்களுக்கு. ‘நான் என்ன சைனீஸா பேசறேன்?’ என்கிறோம் நாம். பாவம் சீனர்கள்.

• ஊரையே பாடமாக்குங்கள். 1896-ல், 16 வயதில் இங்கே வந்த ரமண மகரிஷி பல வருடங்கள் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார். 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக்காட்டினார், ‘நான் யார்?’ என்ற நூல் அதிலிருந்து வந்தது. அதையும் ‘ரமணர் பதில் சொன்னார்’ என்றுதான் சொல்கிறோம். வாய் திறக்காமலே ‘சொல்ல’ முடிகிற மொழி இது என்று காட்ட வேறு உதாரணம் வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• உறுப்பு ஒன்றானால் பொருளும் ஒன்று என்று நம்பாதீர்கள். மறந்த சொல் அவர்களுக்கு நாக்கு நுனியில் நிற்கும். நம் ‘நுனிநாக்கு’ பெரும்பாலும் இங்கிலீஷ் பீற்றிக்கொள்பவர்களுக்கு.

• ‘வாக்குக் கொடு’, ‘வாய் கொடு’ இரண்டையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள். முதலாவது அவர்களுக்கு அத்துப்படி. அவர்களும் சத்தியம் செய்யும்போது வார்த்தையைத்தான் கொடுக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் ஒருவர் வீட்டுக்காரரிடம், ‘ஐந்தாம் தேதி வாடகை தருகிறேன், வாய் கொடுக்கிறேன்’ என்றார்.

• ‘கிறிஸ்தவத்தில் பேசு’ என்ற அவர்கள் தொடரை விளையாட்டுக்குக்கூடச் சொல்லிப்பார்க்காதீர்கள். புரிகிற மாதிரிப் பேசு என்று பொருள்தான். ஆனால் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில், பார்சிலோனா பக்கத்து மொழியான கத்தலான் பேசியவர்களை அடக்கப் பயன்பட்ட வார்த்தை. பார்சிலோனாக்காரர் முகம் சுருங்கிவிடும்.

• ‘பேசாமல்’ என்பதை விளக்காமல் விடாதீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கலாமா என்று யோசித்த மாணவியிடம், ‘வெயில்ல எதுக்கும்மா, பேசாம ஆட்டோவுல போயிடுங்க’ என்றேன். வம்பில்லாமல், யோசிக்காமல் என்ற அர்த்தத்தில். ஊர் நியமம் என்று எடுத்துக்கொண்டார் அவர். ‘எங்க மேடம்?’ என்று டிரைவர் கேட்கக் கேட்க, உதட்டில் விரல் வைத்துப் புன்னகைத்திருக்கிறார். மௌன விரதக்காரர்களை ஏற்றிப் பழகிய டிரைவர் வண்டியைத் திருப்பி ரமணர் ஆசிரம வாசலில் இறக்கிவிட்டார். ஏறிய இடத்திலிருந்து முந்நூறு அடி. ஐம்பது ரூபாய்.