மீட்டரை விட துருவைப் பாருங்கள்

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பழைய பைக் வாங்கப் போகிறீர்களா? மீட்டர் 70,000 கிலோமீட்டர் காட்டினால் மிரள வேண்டாம். காலாகாலத்தில் ஆயில் மாற்றிய இன்ஜின் இன்னும் ஓடும். இங்கே வண்டியைத் தின்பது உப்புக்காற்று. சைலன்சர் அடிப்பக்கம், சென்டர் ஸ்டாண்டு மாட்டும் இடம், சீட்டைக் கழற்றினால் தெரியும் சேஸிஸ் வெல்டிங் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். சேஸிஸ் அரித்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

எண்ணூர் வண்டியென்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீரில் நின்றதா என்று கேளுங்கள். ஒயர் கப்ளரைப் பிரித்தால் பச்சைக் களிம்பு காட்டிக்கொடுக்கும். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆர்.சி.யில் 15 வருடம் முடியப்போகிறதா, ஃபைனான்ஸ் பாக்கி உண்டா என்பதையும் பார்த்துவிட்டு, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.