நடைக்கு ஒரு பாட்டு

படைவீரனுக்கு உணவும் ஆயுதமும் மட்டும் போதுமா? மனம் சோர்ந்துவிட்டால் கையிலுள்ள துப்பாக்கியும் சுமையாகிவிடும். அச்சோர்வைப் போக்கவே பண்டைத் தமிழர் போர்க்களத்தில் முரசு கொட்டினர். இரண்டாம் உலகப் போரின்போது, மலாயாவில் அப்பணியைப் பாடல்கள் செய்தன.

1942-இல் மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமானது. ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனதால் தோட்டத் தொழிலாளர்கள் வருமானமின்றித் தவித்தனர். பலர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். இந்நிலையில், 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அவரது அழைப்பை ஏற்றுத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையும் உருவானது. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் அதில் துணைத் தளபதியாக உயர்ந்தார்.

அப்படையினர் பாடிய பாடல்களுள் புகழ்பெற்றது 'கதம் கதம் படாயே ஜா'. 'அடிமேல் அடி வைத்து முன்னேறு' என்பது அதன் பொருள். அதற்கு இசையமைத்தவர் கூர்க்கா வீரரான ராம் சிங் தாக்கூரி. பாடல் இந்துஸ்தானி மொழியில் இருந்தது. தோட்டத்துத் தமிழர் பலருக்கு அம்மொழி புதிது. ஆயினும், பாட்டின் தாளம் கால்களின் நடையோடு இணைந்ததால் சொற்கள் எளிதில் மனத்தில் பதிந்தன. பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்றவர்கள், இப்போது நிமிர்ந்த தலையோடு அணிவகுத்து நடந்தனர். 'கூலி' என்று அழைக்கப்பட்டவர்களுக்கு 'வீரர்' என்னும் மதிப்பை அந்நடை தந்தது.

பாட்டு பசியைத் தீர்க்காது, நோயையும் குணப்படுத்தாது. 1944-இல் இம்பால் போரில் உணவுப் பற்றாக்குறையாலும் மலேரியாவாலும் பலர் மடிந்தனர், படை பின்வாங்கியது. ஆனால், தோல்விக்குப் பிறகும் பாட்டு அழியவில்லை. ஆங்கில அரசு அதற்குத் தடை விதித்தது. தடை செய்யும் அளவிற்கு ஒரு பாட்டுக்கு வலிமை இருந்தது என்பதையே அது காட்டுகிறது. இன்று இந்திய இராணுவம் அதே பாடலுக்கு அணிநடை பயில்கிறது.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் அக்கால நினைவுகளைத் தம் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று முதியவர்களாகிவிட்டனர். நாம் இன்று கேட்டு எழுதி வைக்காவிட்டால், அந்நினைவுகள் அவர்களோடு மறைந்துவிடும். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் முணுமுணுக்கும் ஒரு பாட்டிலும் நம் வரலாறு ஒளிந்திருக்கலாம்.