கொல்லிமலையின் 70 வளைவுகளில் குழுப் பயணம்

கேள்வி: சேலத்திலிருந்து எட்டு பைக்குகளில் கொல்லிமலை செல்லத் திட்டம். இருவர் மலைச்சாலைக்குப் புதியவர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆபத்தின்றிக் கடப்பது எப்படி? – வாசகர், ராசிபுரம்

புதியவர் இருவர் இருப்பது பயணத்துக்குத் தடையன்று. அவர்களை வரிசையின் கடைசியில் விடாமல் வழிநடத்துபவருக்கு அடுத்து நிறுத்தி, அவர்களது வேகத்தையே குழுவின் வேகமாகக் கொண்டால், பின்தங்கியவர் மற்றவரை எட்டிப்பிடிக்க வளைவில் விரையும் பேராபத்து எழாது. பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி அடிவாரம் வரையுள்ள சமவெளியில் இடமும் வலமுமாக மாறிமாறிச் செல்லலாம். மலையேறத் தொடங்கியதும் ஒற்றை வரிசையே முறை, ஏனெனில் திரும்பும் வண்டிக்குத் தன் பாதையின் முழு அகலமும் தேவைப்படும்.

ஏற்றத்தைவிட இறக்கமே கடினம். தொடர்ந்து அழுத்தப்படும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முதல் அல்லது இரண்டாம் கியரில் கிளட்ச்சைப் பிடிக்காமல், எஞ்சினே வண்டியின் வேகத்தை அடக்கும்படி இறங்க வேண்டும்; இதுவே எஞ்சின் பிரேக்கிங் எனப்படுவது. கியரில்லா ஸ்கூட்டரில் இவ்வசதி குறைவாதலால், அதில் வருபவர் இடையிடையே நின்று பிரேக்கை ஆறவிடுவது அவசியம். ஏறிவரும் பேருந்துக்கு இறங்குபவரே வழிவிட வேண்டும். அது திரும்புகையில் சாலை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் என்பதால், ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்பது நல்லது.

ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா நடைபெறும் நெரிசல் நாட்களைத் தவிர்த்து, புதியவர்கள் முதலில் ஏற்காட்டின் 20 வளைவுகளில் பழகிக்கொள்ளலாம்.