பதின்பருவ வகுப்பறையில் உடலியக்கம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: பாட நேரத்தை உடலியக்கத்துக்குக் கொடுத்தால் மதிப்பெண் குறையும்.

உண்மை: நார்வேயில் 2017–18 கல்வியாண்டில் 29 பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இது சோதிக்கப்பட்டது. இரு பிரிவுப் பள்ளிகளில் வாரத்துக்கு 120 நிமிட உடலியக்கம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. ஒரு பிரிவில் அதில் 30 நிமிடம் பாடத்தோடு கலந்தே வந்தது. மற்றதில் மாணவர்களே நண்பர்களோடு சேர்ந்து பிடித்த ஆட்டத்தைத் தேர்ந்துகொண்டார்கள். படிப்பு பின்தங்கவில்லை. கணக்கில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளைவிட இந்த இரு பிரிவுகளும் சற்று முன்னேறின.

நம்பிக்கை: பி.டி. பீரியட் இருக்கிறதே, அது போதும்.

உண்மை: 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிர உடலியக்கம் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வாரத்துக்கு 420 நிமிடம். 45 நிமிடப் பீரியட் இரண்டு கிடைத்தாலும் 90 நிமிடம்தான். வரிசையில் நிற்பதும் பந்துக்குக் காத்திருப்பதும் அதற்குள்ளேயே அடங்கும். தேர்வு நெருங்கினால் அந்தப் பீரியடும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுவது தனிக் கதை. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் 11–17 வயதினரில் 81 விழுக்காட்டினர் நாளுக்கு 60 நிமிடம் என்ற அளவை எட்டவில்லை. பெண்களில் 85 விழுக்காடு.

நம்பிக்கை: பெரிய பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், வகுப்பும் சந்தைக்கடையாகிவிடும்.

உண்மை: கூச்சம் உண்மைதான். ஒருவரை முன்னால் நிறுத்தி எல்லோரும் பார்க்கும்படி ஆடச் சொன்னால் எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையும் சுருங்கிப்போகும். ஆனால் வேதியியல் சமன்பாடுகளைத் துண்டுத்தாளில் எழுதிச் சுவர்களில் ஒட்டி, இருவர் இருவராக நடந்துபோய்ப் படித்து வந்து இருக்கையில் சமன்செய்யச் சொன்னால் யாரும் யாரையும் வேடிக்கை பார்ப்பதில்லை. சரியா தவறா என்ற கேள்விக்குக் கை தூக்குவதற்குப் பதில் இடச்சுவர், வலச்சுவர் என்று நகரலாம். இதற்கு மைதானமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். பெஞ்சுகளுக்கு நடுவே வழி இருந்தால் போதும்.

நம்பிக்கை: சில அசைவுகள் மூளையை நேரடியாகத் தூண்டிவிடும்.

உண்மை: கலிபோர்னியாவில் பால் டென்னிசன் உருவாக்கிய ‘பிரெய்ன் ஜிம்’ முறையில், காரையெலும்புக்குக் கீழே தேய்த்தால் மூளைக்கு இரத்தம் கூடுதலாகப் பாயும் என்று கற்பிக்கப்பட்டது. 2008இல் பிரிட்டனின் அறிவியல் அமைப்புகள் இதற்கு ஆதாரம் இல்லை என்று மறுத்தன. மூச்சு வாங்கும்படி சில நிமிடம் இயங்கினால் அடுத்துச் சிறிது நேரம் கவனம் கூர்மையாகலாம் என்பதற்குச் சான்று உண்டு. அந்தக் கூர்மை நாள் முழுக்க நீடிக்காது. தேய்ப்பதால் வருவதும் இல்லை.