சும்மா இருக்கும்போதும் ஓடும் பம்பு

இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயத் தசை ஓய்வெடுக்கும்போதும் அதன் செல்களில் மின்சாரம் ஏறித் தயாராக நிற்கிறது. வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் சுமார் 90 மில்லிவோல்ட் மைனஸ்.

காரணம் பொட்டாசியம். வெளியில் இருப்பதைப்போல 30 மடங்குக்கு மேல் அது செல்லுக்குள் இருக்கிறது. செல்லின் சவ்விலுள்ள நுண்துளைகள் வழியே பிளஸ் சார்ஜோடு வெளியே கசியும். உள்ளே மைனஸ் மிஞ்சும். 'கசிஞ்சே தீர்ந்துடாதா?' என்பீர்கள். தீராது. சவ்விலேயே ஒரு பம்பு உண்டு. 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்துப் போடும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ 1957-ல் நண்டுக்கால் நரம்பில் கண்டது இது. நோபல் பரிசில் பங்கு கிடைக்க 1997 ஆயிற்று, பாவம்!

இளநீர்ப் பிரியர்களே, உங்களுக்காகத்தான் இத்தனையும். இளநீரில் பொட்டாசியம் ஏராளம். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றிவிடும், பழுதானதால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏற ஏற, அந்த 90 இறங்கும். துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றேகூடப் போகலாம். "இயற்கைதானே டாக்டர், சூட்டைத் தணிக்குமே?" என்று சித்த வைத்தியனான என்னிடமே வாதாடுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்து டாக்டர் சொல்லாமல் இளநீரைத் தொடாதீர்கள். 'லோ சோடியம்' உப்பையும்தான். அதில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியத்தைத்தான் சேர்க்கிறார்கள்.