ஒரு பாயின்ட்டுக்கு எவ்வளவு செலவு? ஃபோர்ஸ் இந்தியா கணக்கு

எஃப்1 ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் நம்ம கோவைக்காரர். ஆனா இன்னைக்கு டிரைவரை விட்டுட்டு, ஒரு டீமோட கணக்கைப் பார்க்கலாம். 2007-ல் விஜய் மல்லையா பங்குதாரரோடு சேர்ந்து வாங்கிய ஃபோர்ஸ் இந்தியா.

2017 சீசனை எடுத்துக்கோங்க. மெர்சிடிஸ் 668 பாயின்ட், ஃபெராரி 522, ரெட் புல் 368. நாலாவது இடம் ஃபோர்ஸ் இந்தியாவுக்கு, 187. பெரிய பேரான மெக்லாரன் வெறும் 30 பாயின்ட்டோட ஒன்பதாவது. செலவுக்கு அப்போ உச்சவரம்பே கிடையாது, 14.5 கோடி டாலர்னு வரம்பு வந்ததே 2021-லதான்.

மெக்லாரனும் ஃபோர்ஸ் இந்தியாவும் ஒரே தொகை செலவு பண்ணதா வெச்சுக்குவோம். 187-ஐ 30-ஆல் வகுத்தா 6.2. அதாவது மெக்லாரனுக்கு ஒரு பாயின்ட் ஆறு மடங்கு விலை. நிஜத்துல மெக்லாரன் செலவு இன்னும் அதிகம். (ஜெயிச்சா 25, பத்தாவது வந்தா 1 என்பதால இது துல்லியமான அளவுகோல் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.)

எப்படி முடிஞ்சது? இஞ்சினும் கியர்பாக்ஸும் மெர்சிடிஸ்கிட்ட விலைக்கு வாங்கினாங்க. ஆட்கள் சுமார் 400 பேர்தான். பொங்கலூர், பல்லடம் பக்கம் பார்த்திருப்பீங்க: நிட்டிங், டையிங், பிரிண்டிங் எல்லாத்தையும் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துட்டு, கட்டிங்கையும் தையலையும் மட்டும் கையில வெச்சிருக்கிற கம்பெனி. அதே கணக்குதான். சொந்தமா டையிங் யூனிட் போட்டா, ஆர்டர் இல்லாத மாசமும் பாய்லர் கடனுக்கு வட்டி கட்டணும்.

இவ்வளவு சிக்கனமான டீம் 2018 ஜூலையில திவால் நடவடிக்கைக்குப் போச்சு. மனு போட்டது அதே டீமின் டிரைவர் செர்ஜியோ பெரெஸ்! அவருக்கே சம்பள பாக்கி. இன்னொரு கடன்காரர் டீமையே மூடச் சொல்லி மனு போட்டிருந்தார். அதைத் தடுக்கத்தான் இவர் முந்திக்கிட்டார்.

நாலாவது இடம் வந்த டீமுக்கு என்னாச்சு? ஒரு சீசனோட பரிசுப்பணம் அடுத்த வருஷம்தான் தவணையா வரும். கூலியும் சப்ளையர் பில்லும் அதுவரைக்கும் காத்திருக்காது. மல்லையாவின் சொத்துகள் முடக்கத்துல இருந்ததால, இடைவெளியை அடைக்கவும் ஆள் இல்லை. எங்க பாஷையில, லாப நஷ்டக் கணக்கு வேற, பணப்புழக்கம் வேற.

லாரன்ஸ் ஸ்ட்ரோல் குழு வாங்கினதால 405 பேர் வேலை தப்பிச்சது. ஆனா அதுவரை எடுத்த 59 பாயின்ட் கணக்குல இருந்து போயிடுச்சு. பூஜ்யத்துல ஆரம்பிச்சு 52 எடுத்து ஏழாவதா முடிச்சாங்க.

இப்ப உங்க அக்கவுன்ட்டுக்கு வாங்க. சம்பளம் 40,000, பைக் ஈஎம்ஐ 4,500, தாராளமா சமாளிக்கலாம். ஆனா ஈஎம்ஐ 5-ம் தேதி, சம்பளம் வர்றது 7-ம் தேதி. 4-ம் தேதி ராத்திரி பேலன்ஸ் 3,200 இருந்தா, ஈஎம்ஐ பவுன்ஸ். கடன் கொடுத்தவங்க ஒரு அபராதம், அக்கவுன்ட் இருக்கிற பேங்க் ஒரு சார்ஜ், கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு தாமதப் பதிவு. தேதியை 10-க்கு மாத்தித் தருவாங்களான்னு முதல்ல கேளுங்க. மாட்டேன்னா, ஒரு ஈஎம்ஐ தொகையை அந்த அக்கவுன்ட்லயே தொடாம விட்டு வையுங்க. தீபாவளி போனஸ் வந்ததும் இதைச் செய்யறது சுலபம்.